முன்னைக் கல்வியும் மாணவர் கடனும்

கொடுக்கக் குறையாத செல்வம் என்று கல்வியை நம் முன்னோர் போற்றினர். ஆயின், அக்கல்வியைப் பெறுதற்கு வேண்டிய பொருளோ கொடுக்கக் கொடுக்கக் குறையும் இயல்பினது. குறையாத செல்வத்தைக் குறையும் செல்வத்தைக் கொண்டு பெறவேண்டியிருக்கும் இந்நிலைமையே, மாணவர் கடன் பற்றி உலகெங்கும் எழுந்த விதிகள் அனைத்திற்கும் மூலகாரணமாகும். அரசின் பொக்கிஷத்தில் உள்ள பணம் அளவுடையது. அதனை நாடி நிற்கும் மாணவரோ பலர். ஆகவே, "யாருக்குக் கொடுப்பது, எத்தனை முறை கொடுப்பது, எதுவரை கொடுப்பது" என்னும் வினாக்கள் எழுகின்றன.

க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நம்மவர் இல்லங்களில் ஒரு கேள்வி தவறாது கேட்கப்படுகின்றது. "பிள்ளையின் மேற்படிப்பிற்குக் கடன் கிடைக்குமா?" என்பதே அக்கேள்வி. குடும்பத்தின் வருமானம் யாது, பிணை நிற்பவர் யார், வட்டி எவ்வளவு என்பன பற்றியெல்லாம் பெற்றோர் ஆராய்கின்றனர். ஆனால், "இதற்கு முன்னர் இப்பிள்ளை எங்கே, எதனை, எத்தனை காலம் படித்தது?" என்று கேட்பார் மிகச் சிலரே. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரியோ அதனையே முதற்கண் நோக்குகின்றார். முன்னைக் கல்வி மாணவர் கடனுக்குரிய தகுதியை எவ்வாறு ஆக்குகின்றது, எவ்வாறு குறைக்கின்றது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டலும் கழித்தலும்

முற்காலத்தில் முன்னைக் கல்வி என்பது எப்பொழுதும் ஒரு திறவுகோலாகவே கருதப்பட்டது. 1921ஆம் ஆண்டில் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்ட காலத்தில், அங்குப் பயின்றோர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டப் பரீட்சைகளுக்கே தோற்றினர். மற்றிக்குலேசன் தேறியவர் இன்ரர்மீடியற் பரீட்சைக்குச் சென்றனர். அதனைத் தேறியவர் இறுதிப் பரீட்சைக்குச் சென்றனர். ஒருபடி ஏறியவனுக்கு மறுபடி திறந்தது. படித்த படிப்பு எதுவும் வீணாகக் கழிந்ததில்லை. அடுத்த படிப்புடன் கூடியே நின்றது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1945இல் கலாநிதி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர்க் கட்டணம் பற்றிய கவலை நம் நாட்டு மாணவரை விட்டு நீங்கியது. எனினும், அரச பல்கலைக்கழகங்களில் உள்ள இடங்கள் மாணவர் தொகைக்கு ஈடாக வளரவில்லை. இன்று உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழகப் பிரவேசத்திற்குரிய தகுதியை அடைவோருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கின்றது. எஞ்சிய மூவரும் கட்டணம் செலுத்திப் படித்தல் வேண்டும். அல்லது வெளிவாரியாகப் படித்தல் வேண்டும். அல்லது கடல் கடத்தல் வேண்டும். இவ்விடத்திலேதான் கடன் என்பது தலைகாட்டுகின்றது.

கடன் தலைகாட்டியதும் முன்னைக் கல்வியின் பொருளும் மாறிவிடுகின்றது. பிரவேசத்தைப் பொறுத்தவரையில் முன்னைக் கல்வி கூட்டல். கடனைப் பொறுத்தவரையில் அது பெரும்பாலும் கழித்தல். பல்கலைக்கழகம், "நீ எவ்வளவு கற்றாய்?" என்று கேட்கின்றது. கடன் கொடுப்போரோ, "உனக்குரிய பங்கில் எவ்வளவு செலவாயிற்று?" என்று கேட்கின்றனர். இவ்விரண்டு வினாக்களின் வேறுபாட்டை அறியாமையாற் பல இளைஞர் இடர்ப்படுகின்றனர். இக்கட்டுரையில் வாசகர் மனத்திருத்த வேண்டிய கருத்தும் இதுவே.

நம் நாட்டு முறை: ஒருமுறை திறக்கும் வாயில்

2017ஆம் ஆண்டில் இலங்கை அரசு வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தை ஆரம்பித்தது. உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்தில் இடம் பெறாத மாணவர், அரசின் அங்கீகாரம் பெற்ற அரச சார்பற்ற உயர்கல்வி நிறுவனங்களிற் பட்டநெறி ஒன்றைப் பயிலுதற்கு இக்கடன் உதவுகின்றது. தொடக்கத்தில் பாடநெறிக் கட்டணத்திற்கென 8 இலட்சம் ரூபா வரையும், விரும்புவோர்க்கு வாழ்க்கைச் செலவிற்கென ஆண்டொன்றிற்கு 75,000 ரூபாவும் வழங்க ஏற்பாடாயிற்று. வட்டியை அரசே ஏற்றுக்கொள்கின்றது. மாணவர் முதலை மாத்திரம் படிப்பு முடிந்தபின் தவணை முறையில் திருப்பிச் செலுத்துகின்றனர்.

இத்திட்டத்தில் முன்னைக் கல்வி மூன்று வகையிற் கணக்கிடப்படுகின்றது. முதலாவது, பெறுபேறு. மூன்று பாடங்களிலும் ஒரே அமர்விற் சித்தியடைந்திருத்தல் வேண்டும். ஆங்கிலம், பொதுச் சாதாரண வினாத்தாள் ஆகியன பற்றிய நிபந்தனைகளும் உள. இரண்டாவது, காலம். ஒவ்வொரு முறையும் விண்ணப்பம் கோரும்பொழுது, இன்ன இன்ன ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியோரே விண்ணப்பிக்கலாம் என அறிவித்தலிற் குறிக்கப்படுகின்றது. மூன்றாவது, நிறுவனமும் பாடநெறியும். இத்திட்டத்திற்கென அறிவிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டநெறிகளுக்கே கடன் உண்டு; ஏனைய படிப்புகளுக்கு இல்லை.

இவற்றுள் இரண்டாவது நிபந்தனையே நம் மாணவர் பலர் கவனியாது விடுவது. ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். கொட்டாஞ்சேனையில் வாழும் ஒரு மாணவனைக் கற்பனை செய்துகொள்வோம். அவன் முதன்முறை பரீட்சைக்குத் தோற்றி மூன்று பாடங்களிலும் சித்தியடைகின்றான். ஆயின் இசட் புள்ளி போதவில்லை. மறுமுறை முயலலாம் என எண்ணி ஓராண்டு படித்துத் தோற்றாதே விடுகின்றான். பின்னர், காலி வீதியில் உள்ள ஒரு தனியார் நிலையத்தில் வெளிநாட்டு டிப்ளோமா ஒன்றிற்குத் தந்தையின் சேமிப்பைக் கொண்டு சேருகின்றான். ஒன்றரை ஆண்டு கழிந்ததும் கட்டணம் கட்ட வழியில்லை. அப்பொழுதே அரசின் வட்டியில்லாக் கடன் பற்றிக் கேள்வியுறுகின்றான். அவன் பயின்ற டிப்ளோமா திட்டத்திற்குள் அடங்காது. புதிதாகப் பட்டநெறி ஒன்றிற் சேர விழைந்தாலோ, அவன் பரீட்சைக்குத் தோற்றிய ஆண்டு அறிவித்தலிற் குறித்த ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

இம்மாணவனுடைய அறிவு குறைந்ததா? இல்லை, ஒன்றரை ஆண்டுப் படிப்பினால் அது வளர்ந்தே இருக்கும். அவன் குடும்பத்தின் தேவை குறைந்ததா? சேமிப்புக் கரைந்தமையால் அது கூடியே இருக்கும். ஆயினும் தகுதி போயிற்று. முதற் பரீட்சை முடிந்த அன்று அவனுக்குத் திறந்திருந்த வாயில், அவன் அறியாமலே அடைபட்டுவிட்டது.

அரச பல்கலைக்கழகப் பிரவேசத்திலும் இதனையொத்த ஒரு விதி உண்டு. ஒருவர் மூன்று முறை வரையே பிரவேசத்தின்பொருட்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றலாம். ஒருமுறை உள்வாரி மாணவராகப் பதிந்துகொண்டவர், பின்னர் வேறு பீடத்தை விரும்பி மறுபடியும் பரீட்சை எழுதிப் புதிதாகத் தெரிவு பெற இயலாது என்பது பொதுவிதி. 1981இல் நிறுவப்பட்ட மகாபொல நம்பிக்கை நிதியத்தின் புலமைப்பரிசிலும் அரச பல்கலைக்கழகத்திற் பதிந்தோர்க்கே உரியது. ஆகவே, முதற் பதிவு என்பது வெறும் கையொப்பம் அன்று. அது பல வழிகளைத் திறப்பதும் சில வழிகளை அடைப்பதுமான செயல்.

இங்கிலாந்து முறை: ஆண்டுகளைக் கழித்தல்

நம் பழைய மாணவரின் பிள்ளைகள் பலர் இன்று இங்கிலாந்தில் வாழ்கின்றனர். முன்னைக் கல்வியை எண்ணிக் கணக்கிடும் முறை அந்நாட்டிலே மிக விளக்கமாக அமைந்துள்ளமையால், அதனைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடையது. மாணவர் விசாவிற் செல்லும் பிள்ளைகளுக்கு இக்கடன் இல்லை என்பதை முதலிற் கூறிவிடுதல் வேண்டும். அந்நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையும், குறித்த காலம் வாழ்ந்த தகைமையும் உடையோர்க்கே பொதுவாக இது வழங்கப்படுகின்றது.

இங்கிலாந்தில் மாணவர் கடன் 1990இல் ஆரம்பமாயிற்று. 2006 முதற் கட்டணத்திற்கெனத் தனிக்கடன் வழங்கப்பட்டது. கட்டணக் கடன் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதைக் காண அங்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு. புதிதாகச் சேரும் பாடநெறியின் ஆண்டுகளுடன் ஓராண்டைக் கூட்டி, அதிலிருந்து முன்னர்ப் பயின்ற ஆண்டுகளைக் கழித்தல் வேண்டும். எஞ்சுவதே கடன் பெறத்தக்க காலம்.

மூவாண்டுப் பட்டநெறி ஒன்றிற் சேர்ந்த ஒரு மாணவி, அது தனக்கு ஏற்றதன்று எனக் கண்டு முதலாண்டின் நடுவே விலகுகின்றாள் எனக் கொள்வோம். மறு ஆண்டு அவள் வேறொரு மூவாண்டுப் பட்டநெறியிற் சேருகின்றாள். மூன்றும் ஒன்றும் நான்கு. நான்கில் ஒன்று போக மூன்று. ஆகவே, புதிய படிப்பு முழுவதற்கும் அவளுக்குக் கடன் உண்டு. வாய்பாட்டிற் கூட்டப்படும் அந்த ஓராண்டு, இளமையில் நேரும் ஒரு தவறான தொடக்கத்தை மன்னித்தற்கென்றே வைக்கப்பட்டது போலும்.

ஆனால், அதே மாணவி முதலாண்டை முடித்து இரண்டாம் ஆண்டிற் கால்வைத்துச் சில வாரங்களில் விலகியிருப்பின் கணக்கு மாறுகின்றது. ஓர் ஆண்டின் சிறுபகுதியைப் பயின்றாலும் அது முழு ஆண்டாகவே எண்ணப்படும். நான்கில் இரண்டு போக எஞ்சுவது இரண்டு. மூவாண்டுப் படிப்பில் ஓராண்டிற்குக் கடன் இல்லை. அதுவும் பெரும்பாலும் முதலாண்டிற்கே இல்லையாகின்றது. 2025–26 கல்வியாண்டில் அங்குப் பட்டநெறிக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,535 பவுண். சில வாரங்கள் தாமதித்து விலகியமையின் விலை அத்தொகை எனின், எப்பொழுது விலகுவது என்பதும் விலகுவதா இல்லையா என்பதைப் போலவே சிந்திக்கத்தக்கது என்பது புலனாகும்.

இரண்டாவது விதி பட்டம் பெற்றோர் பற்றியது. பொதுவாக முதல் உயர்கல்வித் தகைமைக்கே கடன் கிடைக்கும். முன்னைய படிப்பிற்கு ஒருவர் தம் சொந்தப் பணத்தையே செலவிட்டிருந்தாலும் விதி அதுவே. பலரும் இதனைக் கேட்டு வியக்கின்றனர். "அரசிடமிருந்து ஒரு பவுணும் பெறாத எனக்கு ஏன் மறுக்கின்றீர்?" என அவர் கேட்பது இயல்பே. எனினும் விதி பணத்தை நோக்கவில்லை. அடைந்த நிலையை நோக்குகின்றது. 2007இல் அறிவிக்கப்பட்டு 2008–09 கல்வியாண்டு முதல், முன்னர் உள்ள தகைமைக்குச் சமமானதோ தாழ்ந்ததோ ஆகிய படிப்புகளுக்குப் பல்கலைக்கழகங்கள் பெற்றுவந்த அரச நிதியும் அங்கு நிறுத்தப்பட்டது. ஆசிரியப் பயிற்சி, மருத்துவ சேவை சார்ந்த சில படிப்புகள் முதலியவற்றிற்கு விலக்குகள் உண்டு. டிப்ளோமா முடித்தவர் அதன்மேற் படியேறிப் பட்டமாக நிறைவு செய்தற்கும் வழி உண்டு. மேலேறுவோர்க்கு விதி இரங்குகின்றது; பக்கவாட்டில் நகர்வோர்க்கு இரங்குவதில்லை எனச் சுருங்கக் கூறலாம்.

மூன்றாவது விதி துன்புற்றோர் பற்றியது. நோய், நெருங்கிய உறவினரின் மரணம், மகப்பேறு முதலிய வலிய காரணங்களால் ஒருவர் படிப்பை இடையில் விட நேர்ந்தால், தக்க சான்றுகளைக் காட்டி, மேலும் ஓராண்டிற்குக் கடன் கோரலாம். ஈண்டு "தக்க சான்று" என்பது முக்கியமானது. மூன்றாண்டு கழித்து வைத்தியரிடம் சென்று பழைய நோய்க்குக் கடிதம் கேட்பது எளிதன்று. விலகும் பொழுதே வைத்தியரின் கடிதத்தையும் கல்லூரியின் கடிதத்தையும் பெற்றுப் பேணிய மாணவரே பின்னர்ப் பயன் அடைகின்றனர்.

இம்முறையும் மாறவிருக்கின்றது. 2027 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளுக்கென வாழ்நாட் கல்வி உரிமை என்னும் ஏற்பாட்டை இங்கிலாந்து அரசு அறிவித்துள்ளது. அதன்படி ஒவ்வொருவருக்கும் நான்காண்டுக் கட்டணத்திற்குச் சமமான தொகை, அதாவது 2025–26 கட்டண அளவில் 38,140 பவுண், 60 வயது வரை பயன்படுத்தத்தக்க உரிமையாகக் கணிக்கப்படும். முன்னர்ப் பட்டம் பெற்றவரும் தம் கணக்கில் மீதி இருப்பின் அதனைப் பயன்படுத்தலாம். "முன்னரே பட்டம் பெற்றாய், ஆகவே இல்லை" என்று அடைக்கப்பட்ட வாயில், "முன்னர்ச் செலவிட்டது போக எஞ்சியது இவ்வளவு" என்னும் கணக்குப் புத்தகமாக மாறுகின்றது. நியாயத்தின் நோக்கில் இஃது ஒரு முன்னேற்றமே.

பிற நாட்டு முறைகள்

கனடாவில் மாணவர் கடனை வாரக் கணக்கில் எண்ணுகின்றனர். ஒருவர் தம் வாழ்நாளில் 340 வாரங்கள் வரை கூட்டாட்சி அரசின் மாணவர் உதவியைப் பெறலாம். கலாநிதிப் பட்டத்திற்குப் பயில்வோர்க்கு 400 வாரங்கள். நிரந்தர அங்கவீனமுற்றோர்க்கு 520 வாரங்கள். கல்வியாண்டு ஒன்றை 34 வாரமாகக் கொள்ளின் 340 வாரம் பத்தாண்டாகின்றது. ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கு மாறினும் இவ்வெல்லைக்குள் இடமுண்டு. 2023 ஏப்பிரில் முதலாந் திகதி தொடக்கம் கூட்டாட்சிக் கடனுக்கு வட்டியும் இல்லை. எனினும் முன்னர் வாங்கிய மாணவர் கடனைத் திருப்பிச் செலுத்தாது தவறியவர்க்குப் புதிய கடன் கிடைத்தல் அரிது. அங்கு முன்னைக் கல்வியை விட முன்னைக் கடனே பெருந்தடையாகின்றது.

ஆஸ்திரேலியாவில் 1989 முதல், படித்தபின் வருமானத்திலிருந்து செலுத்தும் முறை நடைபெற்று வருகின்றது. அங்குத் தொகைக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. 2020 முதல், திருப்பிச் செலுத்திய தொகை மீண்டும் மாணவரின் கணக்கிற் சேர்க்கப்படுகின்றது. அந்நாட்டு அனுபவம் ஒன்று நம் கவனத்திற்குரியது. எட்டுப் பாட அலகுகளேனும் பயின்றபின், அவற்றுள் அரைவாசிக்கு மேல் தவறியவருக்கு அரச உதவி நிறுத்தப்படும் என 2022இல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. அது வறிய குடும்பத்து மாணவரையும் பின்தங்கிய பிரதேசத்து மாணவரையுமே மிகுதியும் தாக்குகின்றது என்பது உணரப்பட்டு, 2024 ஜனவரி முதல் அவ்விதி நீக்கப்பட்டது. தவறியதற்குத் தண்டனை விதித்தலினும், தவறாதிருத்தற்குத் துணை செய்தலே தக்கது என்னும் முடிவு அது.

இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் வட்டி மானியத் திட்டம், குறைந்த வருமானக் குடும்பத்து மாணவரின் கல்விக் கடனுக்குரிய வட்டியைப் படிப்புக் காலத்தில் அரசே ஏற்க வழிசெய்தது. அம்மானியம் ஒருவருக்கு ஒருமுறையே உரியது. இளநிலைப் பட்டத்திற்குப் பெற்றவர் முதுநிலைப் பட்டத்திற்குப் பெற இயலாது. இடையிற் படிப்பைக் கைவிட்டோர்க்கும் இல்லை. மருத்துவக் காரணம் மாத்திரம் விலக்கு. தமிழ்நாட்டில் 2010இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையோ வேறொரு வகையில் முன்னைக் கல்வியை நோக்குகின்றது. அங்கு நோக்கப்படுவது மாணவனின் முன்னைக் கல்வியன்று. குடும்பத்தின் முன்னைக் கல்வி. வீட்டில் இதற்கு முன் எவரும் பட்டம் பெறவில்லை எனின், தொழிற்கல்விக் கட்டணத்திற் சலுகை உண்டு. கல்வி இதுவரை எட்டாத வீட்டை நாடிப் பொதுப்பணம் செல்லவேண்டும் என்னும் நோக்கம் அதில் வெளிப்படுகின்றது.

நியாயம் யாது?

இவ்விதிகளையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்கின், அவற்றின் அடியில் ஒரே எண்ணம் உள்ளமை விளங்கும். ஒருவர் இரண்டாம் முறை உண்பதற்கு முன்னர் எல்லோரும் ஒருமுறையேனும் உண்ணுதல் வேண்டும் என்பதே அது. பந்தியில் அமர்ந்தோர் அறியும் நியாயம் இது. இதனைக் குறைகூற இயலாது. முதல் வாய்ப்பே கிட்டாத மாணவர் நாட்டில் நிறைந்திருக்கையில், ஒரு பட்டம் பெற்றவர் அதே தரத்தில் மற்றொரு பட்டத்திற்குப் பொதுப்பணத்தைக் கோருதல் பொருந்தாது.

ஆயினும், இலையில் அமர்ந்தவர் எல்லோரும் உண்டவர் ஆகார். சோறு பரிமாறும் முன்னர் எழுப்பப்பட்டோரும் உளர். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் வீடிழந்து, பாடப்புத்தகமும் சான்றிதழும் தீக்கிரையாகக் கண்டு, படிப்பை இடையில் விட்டு அகன்ற மாணவர் எத்தனையோ பேர். ஒருவர் பல்கலைக்கழகத்திற் பதிந்த ஓராண்டும், அவர் கற்ற ஓராண்டும் ஒன்றாகா என்பதை நம் தலைமுறையினர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆண்டுகளை மாத்திரம் எண்ணும் விதி, விருப்பத்தால் விலகியவனையும் விதியால் விலக்கப்பட்டவனையும் ஒரே நிரலில் எழுதிவிடுகின்றது. ஆதலின், நல்ல விதி இரண்டு வினாக்களை வினவும். "எத்தனை ஆண்டு?" என்பது ஒன்று, "ஏன் விட்டாய்?" என்பது மற்றொன்று. இங்கிலாந்தின் விதியில் இரண்டாவது வினாவிற்கு ஓரளவு இடம் உண்டு. நம் நாட்டுத் திட்டத்திலும் காலவரையறையினால் தகுதியிழப்போர்க்கு, தக்க காரணம் காட்டின் இரங்கும் ஒரு பிரிவு இருத்தல் நன்று என்பது எம் கருத்து.

மாணவர் செய்யற்பாலன

விதி மாறும்வரை காத்திருத்தல் இயலாது. இன்று உயர்தர வகுப்பில் இருக்கும் மாணவர் பின்வருவனவற்றை மனத்திற் கொள்ளுதல் நன்று.

1. பெறுபேறு வந்தவுடன், எந்த நிலையத்திலும் பணம் கட்டுமுன், அவ்வாண்டின் வட்டியில்லாக் கடன் அறிவித்தலை முழுமையாக வாசியுங்கள். நிபந்தனைகள் ஆண்டுதோறும் மாறக்கூடியன. சென்ற ஆண்டு அண்ணனுக்குப் பொருந்தியது இவ்வாண்டு தம்பிக்குப் பொருந்தாது போகலாம்.

2. சேர விரும்பும் பாடநெறி பட்டநெறியா, டிப்ளோமாவா, ஆயத்த வகுப்பா என்பதையும், பட்டத்தை வழங்குவது யார் என்பதையும் எழுத்திற் கேட்டறியுங்கள். விளம்பரத்தில் உள்ள பெரிய எழுத்துகளைக் காட்டிலும் அங்கீகாரப் பட்டியலில் உள்ள சிறிய எழுத்துகள் பெறுமதி மிக்கவை.

3. படிப்பு ஏற்றதன்று எனத் தோன்றின், வெட்கத்தினாலோ பெற்றோருக்கு அஞ்சியோ நாளைக் கடத்தாதீர்கள். முதலாண்டிற்குள் எடுக்கும் முடிவிற்கும், இரண்டாம் ஆண்டு தொடங்கியபின் எடுக்கும் முடிவிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மேலே கண்டோம். விலகின், விலகிய திகதியை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

4. நோயோ இழப்போ காரணமாயின், அப்பொழுதே சான்றுகளைப் பெற்றுப் பேணுங்கள்.

5. விண்ணப்பத்தில் முன்னைக் கல்வியை மறைக்காதீர்கள். சில மாதமே படித்ததுதானே எனக் கருதி அதனை விட்டுவிடுவோர் உளர். பின்னர் அது வெளிப்படின், கடன் நிறுத்தப்படுவதுடன் பெற்ற பணத்தையும் திருப்பிக் கட்ட நேரும்.

6. பெற்ற கடனைத் தவணை தவறாது செலுத்துங்கள். நம் நாட்டில் 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட கடன் தகவல் பணியகம், கடன் பெற்றோரின் ஒழுங்கையும் தவறுகளையும் பதிவு செய்கின்றது. முன்னைக் கடனின் வரலாறு பின்னைக் கடனின் தகுதியை நிர்ணயிக்கும்.

பழைய மாணவர் கடமை

இறுதியாக, இவ்விழா மலரை வாசிக்கும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். நம்முள் வங்கி உத்தியோகத்தர் உளர், கணக்காளர் உளர், சட்டத்தரணிகள் உளர், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்ந்து, அங்குள்ள முறைகளைத் தம் பிள்ளைகளின் பொருட்டு நேரிற் கற்றோர் உளர். உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில், ஒருநாள் மாலை கல்லூரி மண்டபத்தில் இவர்களுட் சிலர் கூடியிருந்து, மாணவரும் பெற்றோரும் கொணரும் கடிதங்களையும் விளம்பரங்களையும் வாசித்து, "இதிற் கையொப்பமிடலாம், இதிற் பொறுத்திருக்கலாம்" என்று கூறுவராயின், அதற்குச் செலவு யாதும் இல்லை; பயனோ ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. நம் சங்கங்கள் வழங்கும் உதவிகள் பெரும்பாலும் முதன்முறை சித்தியடைந்து முன்வரிசையில் நிற்கும் மாணவர்க்கே செல்கின்றன. அது தகுந்ததே. ஆயினும் அத்தகைய மாணவருக்கு அரசும் உதவுகின்றது, பிறரும் உதவுகின்றனர். ஒருமுறை தவறான வழியிற் சென்று திரும்பி வந்தவனுக்கோ எந்தத் திட்டத்திலும் இடமில்லை. அரசின் விதி பொதுவிதி. அது ஒவ்வொருவரின் முகத்தையும் நோக்கி இரங்க இயலாது. ஆனால், தன் மாணவனைப் பெயர் சொல்லி அழைத்த ஒரு கல்லூரி, அவனைப் பற்றிக் கேட்டறிந்து இரங்க இயலும். ஆண்டிற்கு ஒரு மாணவருக்கேனும், இடையில் முறிந்த படிப்பை நிறைவு செய்தற்கென ஒரு சிறு வட்டியில்லாக் கடனைப் பழைய மாணவர் சங்கம் தன் விழாக்கால நினைவாக நிறுவுமாயின், அது கட்டிடத்திற்கு ஒப்பான பணியாகும். அக்கடனின் விண்ணப்பத்தில், "முன்னர் எங்கே படித்தாய்?" என்னும் வினாவிற்கு அடுத்தபடியாக, "அங்கிருந்து ஏன் வந்தாய்?" என்னும் வினாவும் அச்சிடப்பட்டிருக்கட்டும்.